மூன்று நாட்கள் இருந்தன: பொலிஸ் மா அதிபருக்கும் சட்டமா அதிபருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொலிஸ் மா அதிபர் அவர்களுக்கும், மதிப்புக்குரிய சட்டமா அதிபர் அவர்களுக்கும்,

வணக்கம்.

களுத்துறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றில் நீண்ட காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வீட்டுக்கும் பன்சலைக்கும் (பௌத்த விகாரைக்கும்) நடுவில் ஒரு தென்னந்தோட்டம்தான். போயா (பௌர்ணமி) நாட்களில் பிக்கு ஒலிபெருக்கியில் பண, அதாவது பௌத்த போதனை, சொல்வது எங்கள் வீட்டு மண்டபம் வரை கேட்கும். என் உம்மாவுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். மீன் விலை கேட்பார், பஸ் எங்கே போகிறது என்று கேட்பார், அவ்வளவுதான். பண விளங்காது. ஆனாலும் அந்த நேரம் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டுவார். "நல்ல கொரல் இந்த ஹாமதுருக்கு" என்பார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வளர்ந்த காட்சி அது.

2014 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் பின்னேரம் ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. ஆனால் பன்சலைப் பக்கமிருந்து வரவில்லை, அளுத்கமைப் பக்கமிருந்து வந்தது. காற்றில் விட்டு விட்டுத்தான் கேட்டது, ஆனால் கேட்டவரை எனக்கு விளங்கியது. உம்மா ஜன்னலுக்கு வந்தார்.

"என்ன மகன் சொல்ற?"

"பண சொல்றாங்க உம்மா."

அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "இண்டெக்கி போயா இல்லியே" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கும் மேலாக அது என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை உங்கள் இருவரிடமும் கொண்டு வந்து வைக்கத்தான் இதை எழுதுகிறேன். அன்று அந்த மேடையில் என்ன பேசப்பட்டது என்று பொலிஸுக்குத் தெரியாமல் இல்லை. மேடையைச் சுற்றிப் பொலிஸார் நின்றார்கள். பேச்சு முழுவதும் காணொளியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. சிங்கள பௌத்த கடும்போக்கு அமைப்பான பொது பல சேனாவின் செயலாளர் கலகொட அத்தே ஞானசார தேரர், எங்களை இழிவுபடுத்தும் ஒரு பெயரைச் சொல்லி, இனி ஒரு பிக்கு மேல் அல்ல, ஒரு சிங்களவன் மேல் கை வைத்தாலும் அத்தனை பேருக்கும் அதுவே முடிவு என்ற கருத்தில் பேசினார். கூட்டம் கலைந்து ஊர்வலமாகப் போனது. அன்றிரவே தர்கா நகரும் வெலிப்பிட்டியும் பேருவளைப் பக்கமும் எரிந்தன. குறைந்தது மூன்று முஸ்லிம்கள் இறந்தார்கள். எண்பது பேர் வரை காயப்பட்டார்கள். வீடும் கடையும் இழந்து பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் படுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சிங்களக் குடும்பங்களும் பயத்தில் வீடு விட்டு ஓடின, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதெல்லாம் பழைய கதை, ஏன் திரும்பக் கிளறுகிறீர்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிளறவில்லை. கணக்குப் பார்க்கிறேன். நாட்களின் கணக்கு.

ஜூன் 12, பொசன் போயா அன்று, தர்கா நகரில் ஒரு பிக்குவின் வாகனச் சாரதிக்கும் முஸ்லிம் இளைஞர்கள் சிலருக்கும் தகராறு வந்தது. தப்பு செய்தவர்களைப் பிடித்து நீதவான் முன் நிறுத்துவதோடு முடிய வேண்டிய விஷயம் அது. அதை வைத்துத்தான் ஜூன் 15 கூட்டம் அறிவிக்கப்பட்டது. இந்தக் கூட்டம் வேண்டாம், தடுங்கள் என்று முஸ்லிம் தரப்பிலிருந்து முன்கூட்டியே கேட்டார்கள். யார் பேசப் போகிறார் என்று தெரியும். அவர் முன்னர் எப்படிப் பேசியவர் என்பதும் தெரியும். எந்த ஊரில், எந்த மனநிலையில் இருக்கிற ஜனங்களுக்கு முன்னால் பேசப் போகிறார் என்பதும் தெரியும். பொசனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மூன்று நாட்கள் இருந்தன.

மூன்று நாட்களில் என்ன செய்திருக்க முடியும் என்று என்னைப் போன்ற ஒரு வாத்தியார் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு உங்கள் கையில் இருக்கிறது. அமைதி குலையும் என்ற அச்சம் இருந்தால் நீதவானிடம் போய் அவசரத் தடை உத்தரவு வாங்கலாம். அதை வாங்கப் பொலிஸுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2020 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் திலீபன் நினைவேந்தலைத் தடுக்கப் பொலிஸ் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு மே மாதமும், ஒவ்வொரு நவம்பரும், விளக்கு ஏற்றுவதைத் தடுக்கக் கோரும் மனுக்கள் நீதவான்களின் மேசைக்குப் போயிருக்கின்றன. 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களை இரவில் வீடு தேடிப் போய்க் கைது செய்தார்கள். செத்துப் போனவர்களை நினைத்து ஒரு கரண்டி கஞ்சி கொடுப்பதைத் தடுக்க நேரம் கிடைத்தது. உயிரோடு இருப்பவர்களை முடித்துவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொல்வதைத் தடுக்க மூன்று நாட்கள் போதவில்லையா?

சரி, அந்த இரவு தடுக்க முடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அப்புறம்?

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தை, சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம், நாம் எல்லோரும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று சொல்கிற அதை, நீங்கள் இருவரும் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதன் 3ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைப் பரப்பிப் பாகுபாட்டையோ பகையையோ வன்முறையையோ தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. பத்து வருடம் வரை கடூழியச் சிறை. நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விசேட காரணம் இருந்தால். இவ்வளவு கனமான ஒரு சட்டம் யாருக்காக எழுதப்பட்டது? சொன்னால் செய்வதற்கு ஆட்களை வைத்திருக்கிறவனுக்காக என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அது போய் விழுந்த இடங்களைப் பாருங்கள்.

2019 ஏப்ரலில் ஒரு சிங்கள எழுத்தாளர், சக்திக சத்குமார, முகநூலில் போட்ட ஒரு சிறுகதைக்காகப் பிடிக்கப்பட்டு நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். கடைசியில் 2021ல் அவர் மேல் வழக்குத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் திணைக்களமே சொன்னது. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், அவர் உடுத்திருந்த சட்டையில் தர்மச்சக்கரம் இருந்ததாகச் சொல்லிக் கைதானார். அது கப்பலைத் திருப்புகிற சுக்கான் சக்கரம். இரண்டு வாரத்துக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். ஒரு துணிக்கடையில் தொங்கிய சட்டையை வாங்கி உடுத்ததைத் தவிர அவர் செய்தது எதுவும் இல்லை.

2020 ஏப்ரலில் கண்டிப் பக்கம் ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர், எங்கள் மீதான வெறுப்புப் பிரசாரத்துக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் போராட வேண்டும் என்று முகநூலில் எழுதினார். அதில் ஜிஹாத் என்ற சொல் இருந்தது. எங்கள் வீடுகளில் நப்ஸோடு, அதாவது மன இச்சையோடு, போராடுவதற்கும் நேர்மையாக உழைப்பதற்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்வோம். ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே வைத்தார்கள். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2023ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் கைதான அதே 2020ல், வேறொரு சட்டத்தின் கீழ், தமிழில் கவிதை எழுதிய ஓர் இளம் ஆசிரியரையும் பிடித்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம். ஒன்றரை வருடத்துக்கு மேல் தடுப்பில். அந்தக் கவிதைகள் தீவிரவாதத்தையும் போரையும் கண்டித்து எழுதப்பட்டவை. தமிழ் தெரிந்த ஒருவர் முழுவதும் உட்கார்ந்து படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு இது எவ்வளவு வலித்தது என்று நான் விளக்கப் போவதில்லை. 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று வழக்கிலிருந்து விடுவித்தது.

சிலாபத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 2019 மே 12. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து மூன்று வாரம். ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் ஒரு வாக்குவாதத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதீர்கள், ஒருநாள் அழுவீர்கள் என்ற பொருளில். அரைகுறை ஆங்கிலத்தில் எழுதியது, அரைகுறையாக விளங்கிக்கொள்ளப்பட்டது. இன்னொரு குண்டுக்கான எச்சரிக்கை என்று ஊர் பரபரத்தது. அன்றே அவரைக் கைது செய்தார்கள். பதற்றமான நேரம், விசாரிக்கத்தான் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றும் மறுநாளும் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை என்று கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, ஒரு மனிதர் தன் வீட்டில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அந்த வேகம் எங்கே போனது?

இப்போது இந்தப் பக்கத்துக் கணக்கு. ஞானசார தேரர் 2016ல், முஸ்லிம்களின் தலமும் பௌத்தத் தொல்லியல் இடமும் உள்ள கூரகலையை வைத்து இஸ்லாத்தைப் பற்றிப் பேசியதற்காகக் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு நான்கு வருடக் கடூழியச் சிறை விதித்தது. எப்போது? 2024 மார்ச்சில். அதே 2016ல் இஸ்லாத்தை அவமதித்துப் பேசிய இன்னொரு வழக்கில் ஒன்பது மாதம். அது 2025 ஜனவரியில். நடுவில் எட்டு வருடத்துக்கு மேல். அந்த இடைவெளியில் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் ஆறு வருடத் தண்டனை பெற்றார், 2019 மே மாதம் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார், 2021 அக்டோபரில் ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்ற ஜனாதிபதி செயலணிக்குத் தலைவராகவும் ஆக்கப்பட்டார். சட்டமா அதிபர் அவர்களே, தண்டனை வந்ததற்கு நான் நன்றி சொல்கிறேன், உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் அந்தத் தண்டனைகள் எதுவும் அளுத்கமைப் பேச்சுக்காக இல்லை. பேசி முடித்த சில மணி நேரத்தில் ஊர் எரிந்த அந்தப் பேச்சுக்காக இல்லை.

வட்டரக்க விஜித தேரரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்காகப் பகிரங்கமாகப் பேசிய பிக்கு. அளுத்கமை எரிந்து நான்கு நாளில், ஜூன் 19 அன்று, அடிக்கப்பட்டுக் கைகால் கட்டப்பட்ட நிலையில் வீதியோரத்தில் கிடந்தார். அப்புறம் என்ன நடந்தது? பொய் முறைப்பாடு கொடுத்ததாக அவரையே கைது செய்தார்கள். அன்று எங்கள் ஊரில் பல பேர் சொன்னது இதுதான்: எங்களுக்காகப் பேச வந்த ஹாமதுருவுக்கே இந்தக் கதி என்றால் நாங்கள் எந்தப் படியில் ஏறுவது. பன்சலையில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடுதான் வாழ்ந்திருக்கிறேன். ஆனால் அந்த நல்ல மனிதர்கள் வாய் திறந்து பேசுவதற்குச் சட்டம் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அந்த ஒரு கைது எத்தனை பன்சலைகளில் எத்தனை வாய்களை மூடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு மதிப்பே இல்லை.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடியில் மேடை போட்டுப் பேசியவன். அவனும் ஒலிபெருக்கி வைத்துத்தான் பேசினான். அவன் முதலில் குறி வைத்தது சிங்களவர்களையோ கிறிஸ்தவர்களையோ இல்லை. ஸூஃபி வழியில் போகிற முஸ்லிம்களைத்தான். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் அவனுடைய ஆட்கள் வாளோடு மோதினார்கள். அதற்கப்புறம் அவன் தலைமறைவானான், ஆனால் பேச்சு நிற்கவில்லை. இணையத்தில் தொடர்ந்தது. அவனைப் பற்றி முறைப்பாடு கொடுத்தவர்கள் முஸ்லிம்கள். அவனைப் பிடியுங்கள் என்று பதாகை பிடித்துத் தெருவில் நின்றவர்களும் முஸ்லிம்கள். அந்த முறைப்பாடுகளுக்கும் 2019 ஏப்ரல் 21க்கும் நடுவில் இரண்டு வருடம். ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து வந்த புலனாய்வுத் தகவலுக்கும் அந்த ஞாயிறுக்கும் நடுவில் பதினேழு நாட்கள். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும், 260க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். உயிர்ப்புப் பெருநாளுக்குப் புது உடுப்பு உடுத்தி வந்த பிள்ளைகளும் அதில். பொலிஸ் மா அதிபர் அவர்களே, உங்களுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த ஒருவர் ஏழரைக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது எதற்காக? இருந்த நாட்களைப் பயன்படுத்தாமல் விட்டதற்காக.

எங்களுக்குள்ளும் நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. பள்ளிவாசல் மிம்பரிலிருந்து, அந்தப் பிரசங்க மேடையிலிருந்து, அடுத்தவன் வணக்கத்தை இழிவாகப் பேசியவர்களை எத்தனை தடவை, நம்மவர்தானே, வேகத்தில் பேசிவிட்டார் என்று விட்டோம். நானும் விட்டிருக்கிறேன். ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். எழுந்து நின்று, மவ்லவி, அப்படிப் பேசாதீங்க என்று சொல்லவில்லை. கண்டி மாவட்டத்துத் திகணையில் 2018 மார்ச்சில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்ததற்குத் தொடக்கம், பெப்ரவரி 22 அன்று தெல்தெனியாவில் ஒரு சிங்கள லொறிச் சாரதியை முஸ்லிம் இளைஞர்கள் அடித்தது. அவர் மார்ச் 3 அன்று இறந்து போனார். அந்த வீட்டுக்கும் ஒரு கவலை உண்டு. அதை மறைத்துவிட்டு எங்கள் கடைகளின் கணக்கை மட்டும் நான் நீட்ட மாட்டேன். அடித்தவர்களைச் சட்டம் பிடித்தது, அது சரி. ஆனால் அங்கேயும் நாட்கள் இருந்தன. ஒருவர் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிய அந்தப் பத்து நாட்களில் யார் யார் என்ன எழுதினார்கள், எந்த ஊரிலிருந்து ஆட்களை வரச் சொன்னார்கள் என்பதெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி முகநூலில் கிடந்தது. ஓர் அமைப்பின் தலைவர் திகணைத் தெருவில் நின்று, இந்த ஊரில் சிங்களவன் கடை எத்தனை என்று எண்ணிக் காணொளி போட்டார். மார்ச் 8 அன்று அவரைக் கைது செய்தார்கள். மார்ச் 5 அன்று எரிக்கப்பட்ட வீட்டுக்குள் ஓர் இளைஞன் இறந்து கிடந்தான். மார்ச் 6 அவசரகால நிலை, மார்ச் 7 முகநூல் தடை. எல்லாம் வந்தது, எரிந்து முடிந்த அப்புறம் வந்தது. முகநூல் நிறுவனம்கூட 2020ல் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. இந்த நாட்டில் எந்தத் திணைக்களமாவது திகணைக்காக அப்படி ஒரு வார்த்தை சொல்லியதா என்று நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

அதற்குச் சில நாள் முன்தான் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று சொல்லி அடித்தார்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்துவிட்டு அது மாக்கட்டி என்றார். மாவு. அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஆனால் அந்தக் கதை அதோடு சாகவில்லை. அடுத்த வருடம் அது குருநாகலுக்குப் போனது. ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று ஒரு முஸ்லிம் வைத்தியர் மேல் பத்திரிகையில் செய்தி வந்தது. மறுநாளே கைது. ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சொன்னது. ஆனால் அதற்கு முன், 2019 ஜூன் மாதம், ஒரு மகாநாயக்க தேரர் பண சொல்லும்போது, முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதீர்கள் என்றார். அந்த வைத்தியரைக் கல்லால் அடிக்க வேண்டும் என்று பெண்கள் சிலர் சொன்னதையும் சொல்லி, நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அதுதான் செய்யப்பட வேண்டியது என்றார்.

பண. அதே சொல். 2014ல் உம்மாவிடம் நான் சொன்ன பொய், ஐந்து வருடத்தில் உண்மையாகிவிட்டது. இந்தத் தடவை தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தியில் வாசித்தார்கள், அதனால் நான் மொழிபெயர்க்காமல் தப்ப முடியவில்லை. உம்மா செய்தியை முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து போய் அஸர் தொழுதார். அடுத்த போயாவுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டார். நான் கேட்டதற்கு, குளிர் என்றார். ஜூலை மாதத்தில்.

அந்தத் தேரரைச் சிறையில் போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. என் கோபம் அங்கே இல்லை. பேசுவதையெல்லாம் குற்றமாக்கினால் அடுத்த கிழமை அந்தக் கயிறு யார் கழுத்துக்கு வரும் என்பதை ஹசலக்கவிலும் சம்பூரிலும் பார்த்துவிட்டோம். தடையை விரும்புகிற ஆள் நான் இல்லை. மதத்தைக் கேள்வி கேட்கலாம், கதை எழுதலாம், மேடையில் பகிடி விடலாம். என் மார்க்கத்தைப் பற்றி எனக்குப் பிடிக்காததை ஒருவர் எழுதினால் நான் பதில் எழுதிக்கொள்கிறேன். அதற்கு எனக்குப் பொலிஸ் தேவையில்லை. பொலிஸ் தேவைப்படுவது, சொல்லும் தீயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இடத்தில். சொல்பவர் கை காட்டினால் போவதற்கு ஆட்கள் எதிரே நிற்கிற இடத்தில்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2012ல் மொராக்கோவின் ரபாத் நகரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது, உங்கள் திணைக்களத்தில் அது தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு பேச்சு தண்டனைக்குரிய தூண்டுதலா என்று பார்க்க ஆறு விஷயத்தைப் பார்க்கச் சொல்கிறது. எந்தச் சூழலில் பேசினார்; பேசியவர் யார், அவருக்கு அந்த ஜனங்களிடம் என்ன செல்வாக்கு; தூண்டும் நோக்கம் இருந்ததா; என்ன சொன்னார், எப்படிச் சொன்னார்; எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது; உடனே தீங்கு வர எவ்வளவு வாய்ப்பு. சட்டையில் சக்கரம் போட்ட பெண்ணை இந்த ஆறிலும் நிறுத்திப் பாருங்கள். முகநூலில் பேனா என்று எழுதிய அந்த மனிதரை நிறுத்திப் பாருங்கள். ஒன்றில்கூட நிற்க மாட்டார்கள். பிறகு 2014 ஜூன் 15 பின்னேரம் அளுத்கமையில் நின்ற அந்த மேடையை நிறுத்திப் பாருங்கள். காத்தான்குடியில் ஸஹ்ரான் நின்ற மேடையையும் நிறுத்திப் பாருங்கள்.

நம்முடைய சட்டம் வருகிற அன்றே இந்த அளவுகோல் இருக்கவில்லைதான், சட்டம் 2007, ரபாத் 2012. ஆனால் கைது செய்ய முன் பார்ப்பதற்கு யார் தடை? 3ஆம் பிரிவில் ஒருவரைப் பிடிப்பதற்கு முன், ஒரு நிலையப் பொறுப்பதிகாரி ஊர்க் கூட்டத்தின் சத்தத்துக்குப் பயந்து முடிவெடுக்கிற நிலை இருக்கக் கூடாது. சட்டமா அதிபர் திணைக்களத்தின் எழுத்து மூலமான ஆலோசனை அவர் கையில் இருக்க வேண்டும். அந்த ஆலோசனையில் இந்த ஆறுக்கும் பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதே போல, செல்வாக்குள்ள ஒருவர் பேசி அதன் பின்னால் வன்முறை நடந்தால், வழக்குப் போடுவதா இல்லையா என்ற முடிவை ஒரு காலத்துக்குள் எடுத்து, போடவில்லை என்றால் ஏன் என்று பகிரங்கமாகச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவன் எட்டு வருடம் ஊகித்துக்கொண்டிருக்க முடியாது. 2023 மே மாதம் ஒரு கிறிஸ்தவ மதபோதகர் புத்தரையும் மற்ற மதங்களையும் பற்றிப் பேசியது சர்ச்சையானபோது, அதே மாதம் ஒரு மேடை நகைச்சுவைக் கலைஞர் பேசிய காணொளி பரவியபோது, திணைக்களம் எவ்வளவு வேகமாக அசைந்தது என்று பார்த்தோம். அந்தப் போதகரின் சீடர்கள் கம்பு தூக்கிக்கொண்டு எந்தப் பன்சலைக்கும் போகவில்லை. அந்தக் கலைஞருக்கு முன்னால் இருந்தவர்கள் டிக்கெட் வாங்கிச் சிரிக்க வந்தவர்கள். ஆள் யாராக இருந்தாலும், எந்தச் சமயமாக இருந்தாலும், அதே ஆறு கேள்வி. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

தமிழ் தெரிந்த அதிகாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதியதையும் பேசியதையும், அரபுச் சொல் கலந்து நாங்கள் பேசுகிற தமிழையும், விளங்கிப் படிக்கிறவர்கள் உங்களிடம் எத்தனை பேர்? ஒரு கவிதையைத் தப்பாகப் படித்ததில் ஓர் இளைஞனின் ஒன்றரை வருடம் போனது. ஒரு ஸஹ்ரானின் பேச்சைப் படிக்காமல் விட்டதில் என்ன போனது என்று சொன்னேன். இரண்டுமே தமிழில் இருந்தவை. ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர்கள் இந்த நாட்டில் ஏராளம். கூப்பிட்டால் இலவசமாகவே வந்து படித்துச் சொல்வோம். நான் வருவேன்.

உம்மா 2022ல் காலமானார். அந்த ஜன்னல் பக்கம் இப்போது என் மருமகள் துணி தைக்கிற மெஷின் இருக்கிறது. வெளிச்சம் வேண்டும் என்று அவள் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். பொசன் அன்று பண கேட்டது. புதிய ஹாமதுரு, இளம் குரல். முழுதும் கேட்டேன். தானத்தைப் பற்றிச் சொன்னார்.

எங்காவது ஒரு பொலிஸ் நிலையத்துக்கு இனி ஒரு கூட்டத்துக்கான அனுமதி விண்ணப்பம் வரும்போது, பள்ளியில் நடப்பதாக இருந்தாலும் பன்சலை முன்னால் நடப்பதாக இருந்தாலும், பேச்சாளர் பெயர் எழுதியிருக்கிற இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர் முன்னர் எந்த ஊரில் என்ன பேசியது, பேசிய மறுநாள் அந்த ஊரில் என்ன நடந்தது என்பது உங்கள் பதிவேடுகளிலேயே இருக்கும். பிறகு நாட்காட்டியை எடுத்து, கூட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர்,
களுத்துறை மாவட்டம்.